சாக்ஸ் சரியில்லை என்று எழுதுபவர்கள் சொல்வதும் உண்மை, நன்றாயிருக்கிறது என்பவர்கள் சொல்வதும் உண்மை

ஆண்கள் தினமும் போடும் சாதாரண சாக்ஸுக்கு மக்கள் எழுதும் ரிவ்யூக்களை நான் விடாமல் படிப்பேன். வாங்கும் எண்ணம் இல்லாத நாளிலும் படிப்பதுண்டு. சட்டைக்கு வரும் கருத்துகளில் ஓர் ஒற்றுமை இருக்கும். துணி மட்டம் என்றால் பெரும்பாலானவர்கள் அதையே சொல்லியிருப்பார்கள். சாக்ஸில் அது நடப்பதே இல்லை. கணுக்காலை இறுக்குகிறது, சாயங்காலம் கழற்றினால் வரிவரியாகத் தடம் பதிந்திருக்கிறது என்று ஒருவர் ஒரு ஸ்டார் கொடுத்திருப்பார். அதற்கு நேர் கீழே இன்னொருவர், தெருமுனை தாண்டுவதற்குள் சுருண்டு ஷூவுக்குள் போய்விடுகிறது என்று அவரும் ஒரு ஸ்டார் கொடுத்திருப்பார். அதே நிறுவனம், அதே பாக்கெட், அதே நிறம்.

இதைப் பார்த்துவிட்டு, ரிவ்யூ எல்லாம் சும்மா என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பேரும் தங்கள் காலில் நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். தரம் மோசம் என்ற தலைப்பில் வரும் புகார்களில் பெரும்பகுதி உண்மையில் அளவைப் பற்றிய புகார் என்பது நெடுநாள் படித்துப் படித்து எனக்கு ஏற்பட்டிருக்கும் தீர்மானம். சாக்ஸ் கிழிந்தது என்கிறார்கள், தளர்ந்தது என்கிறார்கள், கடித்தது என்கிறார்கள். பல நேரம் அதற்கெல்லாம் மூல காரணம், அந்தக் காலுக்கு அந்த சாக்ஸ் பின்னப்படவில்லை என்பதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஷூ அளவில் ஒரு எண் கூடினால் நீளத்தில் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, சுமார் 8.5 மில்லிமீட்டர். சாக்ஸ் பாக்கெட்டில் 6 முதல் 11 வரை ஒரே அளவு என்று போட்டிருந்தால், ஏறத்தாழ 4.2 சென்டிமீட்டர் வித்தியாசமுள்ள பாதங்களை ஒரே துணி சமாளிக்க வேண்டும். ஐரோப்பிய எண்களில் 39 முதல் 45 வரை என்றாலும் அதே கதைதான். அங்கே ஓர் எண்ணுக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், ஆக மொத்தம் 4 சென்டிமீட்டர். ஷூவில் அரை எண் மாறினாலே கடித்துவிடும் என்று பார்த்துப் பார்த்து வாங்குகிற நாம், அதற்குள் போகிற சாக்ஸில் ஐந்து எண் வித்தியாசத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். அந்த வரம்பின் இரு முனைகளிலும் கால் உள்ளவர்கள்தான் திட்டி எழுதுகிறார்கள். நடுவில் இருப்பவர்கள் ஐந்து ஸ்டார் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

எண்ணிலேயே ஒரு குழப்பமும் இருக்கிறது. அமெரிக்க முறையில் சாக்ஸ் அளவு வேறு, ஷூ அளவு வேறு. 10-13 என்று சாக்ஸில் இருந்தால் அது ஏறக்குறைய 6 முதல் 12 வரை ஷூ போடுகிறவர்களுக்கானது. அதை ஷூ எண் என்று எடுத்துக்கொண்டு 13 எண் போடும் மனிதர் வாங்கினால், குதிகால் பை பாதத்தின் அடியில் வந்து நிற்கும். சின்னதாக இருக்கிறது என்று அவர் எழுதுவதில் தப்பே இல்லை. பாக்கெட்டில் அதைப் புரியும்படி எழுதாதவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

நீளத்தை விடுங்கள், அகலம்தான் பெரிய பஞ்சாயத்து. என் தம்பிக்குப் பாதம் நீளம் குறைவு, ஆனால் விரல்கள் சேரும் இடத்தில் நல்ல அகலம், கெண்டைக்காலும் தடிமன். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் அவனுக்குச் சொல்வார்கள். ஆவதில்லை. சுண்டுவிரல் பக்கம் இறுக்கம் அப்படியே இருக்கும், முன்னால் மட்டும் துணி மிச்சமாகி மடிந்து உறுத்தும். காரணம் சாக்ஸ் பின்னும் இயந்திரத்தில் இருக்கிறது. நான்கு அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட விட்டமுள்ள ஓர் உருளை, அதன் விளிம்பைச் சுற்றி நிற்கும் ஊசிகள், அவை ஏறி இறங்கிச் சுற்றிச் சுற்றிப் பின்னுவதுதான் சாக்ஸ் என்ற குழாய். தடித்த ஸ்போர்ட்ஸ் சாக்ஸுக்கு 96, 108 ஊசிகள், அன்றாட சாக்ஸுக்கு 144, 168, மெல்லிய ஆபீஸ் சாக்ஸுக்கு 200 என்று ஊசி எண்ணிக்கை போகும். ஒரே இயந்திரத்தில் சின்ன சைஸும் பெரிய சைஸும் பின்னும்போது பெரும்பாலும் வரிசைகளைத்தான் கூட்டுவார்கள். ஊசி எண்ணிக்கை மாறாது. அதனால் நீளம் கூடும், சுற்றளவு பெரிதாக மாறாது. அகலக் கால்காரர்கள் எல்லா சைஸிலும் இறுக்கம் என்று எழுதுவது இதனால்தான். அவர்களுக்கு வேண்டியது பெரிய சைஸ் இல்லை, நன்றாக இளகிக் கொடுக்கும் பின்னல்.

ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் சட்டகத்தைக் கண்டுபிடித்தார். அதில் துணி தட்டையாக வரும். பின்னும்போதே கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் கெண்டைக்காலுக்கு அகலம், கணுக்காலுக்குக் குறுக்கம் என்று வடிவம் கொடுத்து, பிறகு பின்பக்கம் தைத்துச் சேர்ப்பார்கள். காலின் வடிவம் துணியிலேயே இருந்தது. வட்ட இயந்திரம் வந்து தையலை ஒழித்தபோது வடிவமும் கூடவே போயிற்று. முழுக்க ஒரே சுற்றளவுள்ள குழாய் காலில் நிற்காது என்பதால் ஆண்கள் கெண்டைக்காலில் பட்டை கட்டி சாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நைலான் 1935-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 1958-ல் டூபாண்ட் ஆய்வகத்தில் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பாண்டெக்ஸ் இழையை உருவாக்கினார். ஐந்து மடங்குக்கு மேல் இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும் அந்த இழை வந்த பிறகு, சாக்ஸ்காரர்களுக்கு அளவு என்ற தலைவலி குறைந்தது. எந்தக் காலையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் ஃப்ரீ சைஸ் என்ற வார்த்தையே நிற்கிறது. இழுபடும் என்பதும் பொருந்தும் என்பதும் ஒன்றே என்று அவர்கள் விற்கிறார்கள். போட்டுப் பார்த்தவர்கள் இரண்டும் வேறு என்று எழுதுகிறார்கள்.

இனி ஓட்டைக்கு வருகிறேன். சாக்ஸைப் பற்றிய புகார்களில் இதைத்தான் நான் மிகக் கவனமாகப் படிப்பேன். ஓட்டை எங்கே விழுந்தது என்று எழுதுகிறவர்கள் குறைவு. எழுதியிருந்தால் அந்த ஒரு வரி, மற்றவர்கள் எழுதிய பத்து வரிக்குச் சமம்.

பெருவிரல் நுனியில் விழுந்தால் ஒன்று நகம், இல்லையென்றால் நீளம் போதவில்லை. நீளம் குறைந்த சாக்ஸில் ஒவ்வொரு அடிக்கும் விரல் துணியை முன்னால் தள்ளும். துணி எப்போதும் விறைப்பாக இழுபட்டே இருக்கும், அங்கே ஷூவின் உள்பக்கம் வேறு உரசும். குதிகாலில் விழுந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நல்ல சாக்ஸில் குதிகாலிலும் விரல் பகுதியிலும் கூடுதல் நைலான் நூல் கொடுத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். ஆனால் அந்தப் பலம் இருக்கும் இடமும் உங்கள் குதிகால் இருக்கும் இடமும் ஒன்றாக இருந்தால்தான் பயன். சாக்ஸ் சின்னதாக இருந்தால் பலப்படுத்திய பகுதி உள்ளங்காலுக்குப் போய்விடும். பெரிதாக இருந்தால் குதிகாலுக்கு மேலே, நரம்புப் பக்கம் ஏறி நிற்கும். இரண்டு நிலையிலும் உரசல் விழுவது சாதாரணத் துணியில். சீக்கிரம் கிழிந்துவிட்டது, மட்டமான சரக்கு என்று எழுதுகிறார்கள். சரக்கு நல்லதாகவே இருந்திருக்கலாம்.

பழைய சாக்ஸ் ஒன்றை உள்பக்கம் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குதிகால் பகுதியில் துணி இன்னும் கிழிந்திருக்காது, ஆனால் வெளிச்சம் ஊடுருவும். பஞ்சு முழுக்கத் தேய்ந்துபோய், மெல்லிய பளபளப்பான ஒரு வலை மட்டும் மிஞ்சியிருக்கும். கொசுவலை போல இருக்கும் அதுதான் நைலான். பின்னும்போது காட்டன் நூலும் நைலான் நூலும் ஒரே ஊசியில் சேர்ந்தே போகின்றன, காட்டன் ஒரு பக்கமும் நைலான் மறு பக்கமும் அமர்கின்றன. காட்டன் தேய்ந்த பிறகும் அந்த வலை தாங்கிக்கொண்டிருக்கிறது. அதுவும் அறுந்த நாளில்தான் ஓட்டை விழுகிறது.

அதனால்தான், நூறு சதவீதம் காட்டன் இல்லை என்று குறை சொல்லி ஸ்டாரைக் குறைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. காட்டன் உடம்புக்கு இதம், வியர்வையை வாங்கும், எல்லாம் சரி. ஆனால் காட்டனுக்கு இழுத்தால் திரும்பி வரும் குணம் கிடையாது. தனிக் காட்டனில் பின்னிய சாக்ஸ் காலையில் ஒழுங்காக இருந்து மதியத்துக்குள் தொளதொளத்துவிடும், குதிகாலும் சீக்கிரம் தேயும். எண்பது சதவீதம் காட்டன், பதினைந்து பதினேழு சதவீதம் நைலான், இரண்டு மூன்று சதவீதம் ஸ்பாண்டெக்ஸ் என்று லேபிளில் பார்த்தால் நான் திருப்தியாக வாங்குவேன். காட்டனுக்குப் பதில் பாலியெஸ்டரே பெரும்பங்கு என்றால் கொஞ்சம் யோசிப்பேன். சாதாரணக் காற்று ஈரப்பதத்தில் காட்டன் தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. கம்பளிக்கு இதில் முதலிடம், சுமார் பதினாறு சதவீதம்.

நாற்றம் பற்றிய கருத்துகள் தனி ரகம். வியர்வைக்கு அவ்வளவு வாடை கிடையாது. தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா வியர்வையில் உள்ள லூசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவலேரிக் அமிலம் ஆக்குகிறது, அந்த வாடைதான் நமக்குத் தெரிந்த சாக்ஸ் வாடை. ஈரம் தங்கும் மூடிய ஷூவில் எந்த சாக்ஸும் மணக்கத்தான் செய்யும். ரிவ்யூ எழுதுகிறவர் எந்த ஷூவோடு போட்டார், எத்தனை மணி நேரம் போட்டார் என்பது தெரியாமல் இந்தப் புகாரை வைத்து சாக்ஸை எடைபோட முடியாது.

மேல்பட்டை பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் அங்கே விஷயம் சௌகரியத்தோடு நிற்பதில்லை. அப்பாவுக்கு மாலையானால் கால் வீங்கும். நான் சின்ன வயதிலிருந்து பார்க்கும் காட்சி, அவர் சாக்ஸைக் கழற்றிய உடனே கணுக்காலுக்கு மேலே ஆழமாக ஒரு பள்ளம், அதை அவர் விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பது. "ரப்பர் நல்லா பிடிக்குதுப்பா, சாக்ஸ் உழைக்கும்" என்பார். கெட்டியாகப் பிடித்தால் தரம் என்பது அவர் தலைமுறையின் நம்பிக்கை. ரிவ்யூக்களிலும் இதைப் பார்க்கிறேன். லேசான தடம் பதிவது சகஜம், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். பள்ளம் விழுந்து வெகுநேரம் நின்றால் அந்தப் பட்டை அந்தக் காலுக்கு ஆகாது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இறுக்கம் தெரியாது, விரல்மேல் தையல் உரசுவதும் தெரியாது, புண் ஆன பிறகுதான் தெரியும். இறுக்காத பட்டையும் தட்டையான தையலும் உள்ள சாக்ஸ் அவர்களுக்கென்றே வருகிறது. அப்பாவுக்கு இப்போது அதைத்தான் வாங்குகிறேன். முதலில், "இது நிக்காதுடா" என்றார். அகலமான பட்டையில் பிடிமானம் பரவலாக விழுவதால் நிற்கிறது. இன்னொன்று, காலின் அளவைக் காலையில் வைத்து முடிவு செய்யக்கூடாது. நாள் முழுக்க நின்று நடந்த பிறகு பாதம் கொஞ்சம் பெருத்துத்தான் இருக்கும், அப்போது போட்டுப் பார்ப்பதுதான் சரி.

கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் குட்டி சாக்ஸ் வகைக்கு வரும் புகார் ஒன்றே ஒன்றுதான், குதிகாலிலிருந்து வழுக்கி உள்ளங்காலுக்குள் சுருண்டுகொள்கிறது என்று. உள்ளே சிலிகான் பட்டை ஒட்டியிருந்தாலும் குதிகால் பை ஆழமில்லை என்றால் வழுக்கும். ஆழத்தைக் கையில் எடுத்தவுடனே கண்டுபிடிக்கலாம். சாக்ஸின் பக்கவாட்டில் குதிகால் முனையிலிருந்து சாய்வாக ஒரு கோடு ஓடும். உருளை முழுச் சுற்று சுற்றுவதை நிறுத்திவிட்டு முன்னும் பின்னுமாக அசைந்து, பாதி ஊசிகளை மட்டும் வைத்து, அவற்றையும் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பிறகு கூட்டிப் பின்னியதன் தடம் அது. அந்தக் கோடு நீளமாக இருந்தால் பை ஆழம், குதிகால் உட்காரும். குட்டையாக இருந்தால் வழுக்கும். கோடே இல்லாமல் நேர்க்குழாயாக வரும் சாக்ஸும் உண்டு, எந்தக் காலுக்கும் ஆகும் என்று சொல்லி விற்பார்கள். அதன் குதிகாலில் துணி மெலிந்து இழுபடும், கணுக்காலின் முன்மடிப்பில் துணி குவியும்.

விரல் பக்கத் தையலையும் இப்படியே விரலால் தடவிப் பார்த்துவிடலாம். கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடியிருந்தால் தட்டையாக இருக்கும், மேலோட்டமாகத் தைத்து மூடியிருந்தால் ஒரு வரம்பு தட்டுப்படும். தளர்ந்த ஷூ போடுகிறவருக்கு அந்த வரம்பு தெரியவே தெரியாது. முன்பக்கம் குறுகிய ஷூ போடுகிறவருக்கு அதுவே நாள் முழுக்க வேதனை. இங்கேயும் இரண்டு எதிரெதிர் ரிவ்யூ, இரண்டும் உண்மை.

துவைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாண்டெக்ஸுக்குக் குளோரின் பிளீச்சும் கடும் சூடும் ஆகாது. வெள்ளை சாக்ஸை பிளீச்சில் போட்டு, சூடான டிரையரில் உலர்த்தி, மாதத்துக்குள் எலாஸ்டிக் போய்விட்டது என்று எழுதினால் அதில் சாக்ஸின் பங்கு கொஞ்சம்தான். காட்டன் பின்னல் முதல் துவைப்பில் நீளவாக்கில் சற்றுச் சுருங்குவது இயல்பு, இயந்திரத்தில் இழுவிசையோடு பின்னியது தண்ணீரில் தளர்ந்து தன் நிலைக்கு வருகிறது. ஆகவே புதிதாகப் போடும்போதே விரல் முட்டினால் அந்த சாக்ஸை வைத்துக்கொள்ள வேண்டாம். உள்பக்கம் திருப்பித் துவைத்தால் வியர்வை படிந்த பக்கம் சுத்தமாகும், வெளிப்பக்கம் பிசிறு தட்டுவதும் குறையும்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது பாக்கெட் வந்த அன்றே கொடுக்கும் ஐந்து ஸ்டார்தான். ரொம்ப சாஃப்ட், நல்ல தடிமன், அருமை என்று எழுதிவிடுகிறார்கள். புது சாக்ஸின் வழவழப்பில் பெரும்பங்கு கடைசியில் ஏற்றும் பூச்சு, சில துவைப்புகளில் அது போய்விடும். அதன் பிறகு கையில் இருப்பதுதான் நிஜமான நூல். குட்டை இழைப் பஞ்சாக இருந்தால் அப்போது உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டத் தொடங்கும், சீவிய நீள இழைப் பஞ்சாக இருந்தால் தாக்குப்பிடிக்கும். இரண்டையும் முதல் நாளில் கையால் தொட்டுப் பிரித்தறிய முடியாது. முன்னால் வாங்கியது போல இல்லை, நூல் மெலிந்துவிட்டது என்று பழைய வாடிக்கையாளர்கள் எழுதும் வரிகளுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். ஒப்பிடுவதற்கு அவர்களிடம் பழைய ஜோடி இருக்கிறது. சராசரி ஸ்டார் பழைய சாக்ஸின் பெருமையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், இப்போது பாக்கெட்டில் வருவது எது என்று அது சொல்லாது. அதனால் புதிய ரிவ்யூக்களை மேலே வரும்படி மாற்றிவிட்டு, அவற்றில் மூன்று ஸ்டார் கொடுத்தவர்களிடம் முதலில் போவேன். கோபமும் பரவசமும் இல்லாமல், எது சரி எது சரியில்லை என்று பிரித்து எழுதும் பொறுமை அவர்களுக்குத்தான் இருக்கிறது.

நீங்களும் எழுதுகிறவராக இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஷூ எண்ணைக் குறிப்பிடுங்கள். பாதம் அகலமா ஒடுக்கமா, கெண்டைக்கால் தடிமனா என்று ஒரு சொல் சேருங்கள். எந்த மாதிரி ஷூவோடு போடுகிறீர்கள், எத்தனை மாதம் ஆயிற்று, கையால் துவைத்ததா மெஷினா, ஓட்டை விழுந்திருந்தால் எந்த இடத்தில் என்பதையும் எழுதுங்கள். என் ரிவ்யூக்களை நான் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்: "ஷூ எண் 9, சராசரி அகலம், லெதர் ஷூவோடு தினமும், நான்கைந்து மாதமாக. குதிகால் பை சரியான இடத்தில் இருக்கிறது, பட்டை தளரவில்லை, பெருவிரல் பக்கம் லேசாக மெலிந்திருக்கிறது." இதைப் படிக்கும் 11 எண்காரர் தனக்குப் பெருவிரல் பக்கம் முதலில் போகும் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. சாக்ஸின் தேய்மானத்தைச் சோதிக்க ஆய்வகங்களில் மார்ட்டின்டேல் இயந்திரம் இருக்கிறது, எத்தனை உரசலுக்குத் தாங்குகிறது என்று எண்ணிச் சொல்லிவிடும். பாக்கெட்டில் அந்த எண்ணை நான் பார்த்ததில்லை. அதைப் போடாவிட்டாலும் போகட்டும், பட்டையின் சுற்றளவு இழுக்காமல் எவ்வளவு, சௌகரியமாக இழுத்தால் எவ்வளவு என்று சென்டிமீட்டரில் இரண்டு எண்கள் போடலாம். ஒரு டேப்பை எடுத்துக் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்துவிட்டு வாங்க என் தம்பி தயாராக இருக்கிறான்.